உன் அப்பா மாரடைப்பில் சாகவில்லை

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று நேற்றுக் காலை உன் வருங்கால மாமியாரே போனில் சொல்லிவிட்டார். கல்யாணப் பத்திரிகைக்கு விவரம் கேட்கக் கூப்பிட்டவர், பேச்சோடு பேச்சாக, "சம்பந்தி, உங்க வீட்டுக்காரரு ஹார்ட் அட்டாக்குல திடீர்னு போயிட்டாராமே, மாப்பிள்ளை சொன்னாரு. குடும்பத்துல வேற யாருக்காச்சும் நெஞ்சு வலி உண்டுங்களா? தப்பா எடுத்துக்காதீங்க, பொண்ணோட அப்பாதான் கேக்கச் சொன்னாரு" என்றார். பால்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்த முட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன். "பிள்ளைங்க அழுவுதுங்க, அப்புறம் பேசுறேங்க" என்று வைத்தேன். எந்தப் பிள்ளையும் அழவில்லை. எனக்குத்தான் அடுத்த முட்டை கையிலேயே நொறுங்கியது. துக்கத்தில் என்று நினைத்துவிடாதே, கோபத்தில்.

ஹார்ட் அட்டாக்காம். எவ்வளவு சுத்தமான சாவை உன் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறாய். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நெஞ்சைப் பிடித்தார், சாய்ந்தார், முடிந்தது. சட்டை கூடக் கசங்காத சாவு. சென்னையில் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொல்லக்கூடிய சாவு. உனக்குப் பாதிதான் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போது நீ இரண்டாம் வகுப்பு. உன்னைக் கும்பகோணத்தில் என் அண்ணன் வீட்டில் விட்டு வைத்திருந்தோம். ஆனால் அது மாரடைப்பு இல்லை என்பது உனக்குத் தெரியும். புற்று என்று தெரியும், தோல் உரிந்தது என்று தெரியும். தெரிந்தும் மறைத்தாய். மீதிப் பாதியையும் இப்போது எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் எனக்குப் பதில் சொல்.

நிலத்தைச் சொல்லாமல் நோயைச் சொல்ல முடியாது. வாய்க்காலை ஒட்டிய நம் நிலம் காகிதத்தில் ஊர் மாரியம்மன் பேரில் இருப்பது. நிலம்தான் அம்மனுக்கு, நெல் போனதெல்லாம் பண்ணை வீட்டுக் களத்துக்கு. கோயில் நிர்வாகம் தலைமுறையாக அந்த வீட்டில்தான். உன் தாத்தா அங்கே பண்ணையாள். ஆட்சி மாறி, உழுகிறவன் பெயரைக் குத்தகைப் பதிவில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தபோது, ஊரில் பலர் பயந்து வாயைத் திறக்கவில்லை. உன் அப்பா அப்போது மீசை அரும்பிய வயது. விவசாயச் சங்கத்துக்காரர்களோடு தாசில்தார் ஆபீஸில் போய் நின்று அந்த நிலத்தைத் தன் பெயரில் பதிய வைத்தார். அன்றிலிருந்து விட்டார்களா? கோர்ட் கேஸ் போட்டார்கள். நாற்றங்காலில் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். அறுப்பு நேரத்தில் ஆட்களைக் கூட்டி வந்து வரப்பில் நிறுத்தினார்கள். ஆட்சியில் இந்தக் கட்சியும் அந்தக் கட்சியும் மாறி மாறி வந்தன, எந்தக் கட்சிக் கொடி கட்டிய கார் வந்தாலும் அது பண்ணை வீட்டு வாசலில்தான் நின்றது. எதனாலும் பிடுங்க முடியாத நிலத்தைக் கடைசியில் உன் அப்பாவின் தோலைக் காட்டிப் பிடுங்கப் பார்த்தார்கள்.

முதலில் வாயில்தான் வந்தது. உள் கன்னம், நாக்கு, ஈறு எல்லாம் வெந்தது போலப் புண். அவர் வெற்றிலை போடுகிறவர். சுண்ணாம்பு கூடிப்போயிருக்கும், புகையிலையை விட்டுத் தொலைங்க என்று நானே சண்டை போட்டேன். மணத்தக்காளிக் கீரையை அவித்துக் கொடுத்தேன். கஞ்சி கூட இறங்கவில்லை. உதடு ரத்தம் கட்டிக் கறுத்துப்போனது, காலையில் கண் இமைகள் ஒட்டிக்கொண்டு தண்ணீர் தொட்டுத்தான் திறக்க வேண்டியிருந்தது. குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. சேற்றில் இறங்கி நின்று, பேச முடியாமல் கையை ஆட்டி ஆட்டி ஆட்களுக்கு வேலை சொன்னார். அடுத்து மார்பில் கொப்புளம் வந்தது. பிறகு முதுகில், கையில், உள்ளங்கையில். நம் ஊரில் கொப்புளத்தைக் கண்டால் ஒரே பேச்சுதான். "ஆத்தா எறங்கியிருக்கா" என்றார் உன் பெரியப்பா. வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினோம். வேற்று ஆள் வரக்கூடாது, மருந்து மாத்திரை கூடாது, கொடுத்தால் ஆத்தாவுக்குக் கோபம் வரும். நானும் படித்தவள்தான், பால்வாடி டீச்சர்தான். நானும் வேப்பிலை மேல்தான் அவரைப் படுக்க வைத்தேன்.

அம்மை போட்டால் முத்து வாடும், வாடியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவோம். மூன்று தண்ணீர் ஊற்றினால் ஆத்தா இறங்கிப் போய்விட்டாள் என்று கணக்கு. உன் அப்பாவுக்கு முதல் தண்ணீரே ஊற்ற முடியவில்லை. பழைய கொப்புளம் வாடுவதற்குள் புதிது வந்துவிடும். வெள்ளிக்கிழமை ஊற்றலாம் என்போம், வியாழக்கிழமை தோள் முழுக்கப் புதிதாக நீர் கோத்து நிற்கும். அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி என்று தள்ளிக்கொண்டே போனது. அம்மை இப்படி இருக்காது என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊருக்கோ வேறு காரணம் கிடைத்துவிட்டது. "ஆத்தா தண்ணி வாங்க மாட்டேங்கிறா. அவ நெலத்துல காலு வச்சவன விட்டு அவ எப்புடிப்பா எறங்கிப் போவா?" என்று டீக்கடையில் பேசினார்கள். இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது பண்ணை வீட்டுக் காரியஸ்தர். நிலம், கோயில், கேஸ் எல்லாம் பார்த்துக்கொண்ட ஆள். குரலை உயர்த்திப் பேசியே நான் கேட்டதில்லை. அத்தனை விஷம்.

உன் பெரியப்பா பயந்துபோய்க் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் நிலத்தை விட வேண்டும், சிவப்பு வந்தால் வேண்டாம். வந்தது வெள்ளை. பொட்டலம் கட்டியது யார் என்று கேட்டேன். பண்ணை சம்பளம் வாங்கும் பூசாரி. இரண்டு பொட்டலத்தையும் பிரித்துக் காட்டினார்களா என்று கேட்டேன். "சாமி காரியத்துல இப்புடியெல்லாம் கேக்கலாமாம்மா?" என்று உன் பெரியப்பா என்னைத்தான் அடக்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை ஊற்றியே தீருவது என்று முடிவாயிற்று. நிலத்தை விடுவதாக நேர்ந்துகொண்டால் தண்ணீர் ஏற்கும் என்றார்கள். கொல்லையில் மணை போட்டு உட்கார வைத்து, நாலு பெண்கள் குலவையிட, ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கையால் தேய்த்தார்கள். தேய்த்த கையோடு தோள்பட்டைத் தோல் வந்துவிட்டது, தம்பி. கீழே சிவப்பாக, ஈரமாகச் சதை தெரிந்தது. உன் அப்பா கத்தவில்லை, வாய்ப் புண்ணில் கத்த முடியாது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. குலவை நின்றுபோய், குடத்தைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். நான் மட்டும் நின்றேன். இதைத்தான் நீ ஹார்ட் அட்டாக் என்கிறாய்.

மறுநாளே காரியஸ்தர் வந்தார். வாசலுக்கு வெளியே, வேப்பிலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏம்மா, நெலத்து அனுபவ உரிமைய விட்டுக் குடுத்துட்டதா ஒரு கையெழுத்து. போட்டா புருசன் பொழைப்பான். உனக்காகத்தான் சொல்றேன், எனக்கென்ன வந்துச்சு" என்றார். அவர் கையில் காகிதம் தயாராக இருந்தது. உள்ளே வந்தால் உன் அப்பா என் கையைப் பிடித்தார். பிடித்த இடத்தில் அவர் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து என் கை நனைந்தது. "குடுத்துருவோம் புள்ள. எரியுது. தாங்க முடியல" என்றார். எத்தனை வருஷம் போராடிய மனுஷன், அடிபட்டு மண்டை உடைந்தும் வரப்பை விட்டு இறங்காத மனுஷன், அவரைக் கெஞ்ச வைத்துவிட்டார்களே என்று எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை. வெளியே போய், "அம்மையா இருந்தா அம்மை, வேற சீக்கா இருந்தா வேற சீக்கு. டாக்டர் பாத்துட்டு சொல்லட்டும். நீங்க போங்க" என்றேன். முதல்முறையாக அவரிடம் ஐயா போடாமல் பேசினேன். வேப்பிலையைப் பிய்த்து எறிந்தேன். உன் பெரியப்பா வர மறுத்துவிட்டார். வாழை இலையில் எண்ணெய் தடவி, அதில் அவரைப் படுக்க வைத்து, சங்கத்துப் பையன்கள் பிடித்த வேனில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே தோல் வார்டில் ஒரு டாக்டரம்மா. நெற்றியில் குங்குமம், காதில் சின்னத் தோடு. வந்ததும் உன் அப்பாவின் தோளைத் தொட்டுப் பார்த்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு என்னைத் தவிர ஒரு ஆள் பயமில்லாமல் அவரைத் தொட்டதைப் பார்த்தேன். "இது அம்மை இல்லம்மா. ஒட்டவும் ஒட்டாது. வாய்ல புண்ணு வந்து எவ்ளோ நாளாச்சு?" என்றார். சொன்னேன். "இத்தன நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று அதட்டினார். கீரை அவித்துக் கொடுத்தேன் என்று மட்டும் சொன்னேன், வேப்பிலையைச் சொல்லவில்லை. தோலில் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மேல் தோல் கொஞ்சம் அடங்கியது. வாய் மட்டும் அடங்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாவுக்குச் சந்தேகம். வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வயிற்றுக்குள், முதுகெலும்பு ஓரமாக, நெறி கட்டுமே அந்த மாதிரி நிணநீர் முடிச்சுகள் சேர்ந்து பெரிய கட்டியாக இருந்தது. புற்று.

எனக்குப் புரியவே இல்லை. தோல் வியாதிக்கு வந்தோம், வயிற்றில் புற்று என்கிறார்களே, இது என்ன கூத்து என்று கேட்டேன். அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். "செங்கல்லுக்கு நடுவுல சாந்து வைக்கிறோம்ல, அந்த மாதிரி தோல்லயும் ஒண்ணோடு ஒண்ண ஒட்டி வைக்கிற சாந்து இருக்கும்மா. உள்ள ஒரு கட்டி வந்தா அத எதிர்க்க உடம்பு ஆயுதம் தயார் பண்ணும். சில பேருக்கு அந்த ஆயுதம் ஆள் மாறித் தோலோட சாந்தையும் அடிச்சுடுது. சாந்து போனா செவுரு நிக்குமா? அதான் கொப்புளம், அதான் உரியுது." உடனே விரலை ஆட்டி, "கொப்புளம் வந்தவங்களுக்கெல்லாம் உள்ள புத்து இருக்கும்னு நெனச்சுக்காதீங்க. நெறய பேருக்கு இருக்காது. புத்து வந்தவங்களுக்கெல்லாம் கொப்புளமும் வராது. இது அபூர்வம். ஆனா வாய் இவ்ளோ மோசமா இருந்து மருந்துக்கும் கேக்கலன்னா, நாங்க உள்ளயும் தேடியே ஆகணும்" என்றார். "அப்ப இது சாமி குத்தம் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன். சிரிக்கவில்லை அவர். "ஒரு பாவமும் பண்ணாத குழந்தைங்களயும் இந்த வார்டுல பாக்குறேம்மா. சாமிய இதுல இழுக்காதீங்க" என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். புருஷனுக்குப் புற்று என்று கேட்டவள் பாரம் இறங்கியது போல அழுதேன் என்றால் நம்புவாயா?

ஊருக்கு வந்து கோயில் வாசலில், நாலு பேர் இருக்கும்போது சொன்னேன். அம்மை இல்லை, ஒட்டாது, உள்ளே கட்டி, அதனால் தோல். காரியஸ்தர் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, "சரிம்மா, அந்தக் கட்டிய உள்ள யாரு வச்சா?" என்றார். அதற்கு நாலு பேரும் தலையாட்டினார்கள். நான் என்ன பதில் சொன்னாலும் அந்தக் கேள்வி அடுத்த படியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அப்போது புரிந்தது. கேள்வி கேட்டவருக்கு விடை தேவையில்லை, நிலம்தான் தேவை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, எல்லாவற்றையும் உன் அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். "அப்ப நான் தப்பு ஒண்ணும் பண்ணல" என்றார். ஆமாங்க என்றேன். "அப்ப கையெழுத்து எதுக்குப் போடணும்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கட்டிக்கு மருந்து ஏற்றினார்கள், சம்பா நடவுக்கு ஆள் விடச் சொல்லிப் படுக்கையிலிருந்தே ஏற்பாடு செய்தார். தோல் ஆறி வந்த நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இந்த நோய் சிலருக்கு நுரையீரலையும் பிடித்துக்கொள்ளுமாம். நாலு அடி நடந்தால் இரைத்தது, பிறகு படுத்திருந்தாலே இரைத்தது. நெல் பால் பிடிக்கும் பருவத்தில் போய்விட்டார்.

அவர் உடம்பைக் குளிப்பாட்ட ஒருத்தர் வரவில்லை. ஒட்டிவிடுமாம். கூடப் பிறந்த அண்ணன் தெருமுனையில் நின்றார். நான்தான் குளிப்பாட்டினேன், நான்தான் வேட்டி கட்டினேன். சங்கத்துப் பையன்கள் தூக்கினார்கள். கருமாதி முடிந்த கையோடு காகிதம் மறுபடி வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. கேஸை நடத்தி என் பெயருக்குப் பதிவை மாற்றி, அந்த நிலத்தில்தான் உன்னைப் படிக்க வைத்தேன். இன்னொன்றும் சொல்கிறேன். சில வருஷம் கழித்து அதே காரியஸ்தருக்குத் தொண்டையில் புற்று வந்தது. ஊரே ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனது. பாவம், நல்ல மனுஷன், இப்படி ஒரு வியாதியா என்றது. ஒருத்தராவது சாமி குத்தம் என்று சொல்ல வேண்டுமே. பண்ணை வீட்டாருக்கு வந்தால் வியாதி, நமக்கு வந்தால் பாவமா? நானும் சொல்லவில்லை. சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை. அந்த டாக்டரம்மா சொன்னது அவருக்கும் சேர்த்துத்தான்.

இப்போது உனக்கு வருகிறேன். எதற்காக மறைத்தாய்? பெண் வீட்டார் தோல் வியாதி என்றால் முகம் சுளிப்பார்கள், புற்று என்றால் பரம்பரையோ என்று பயப்படுவார்கள், அதுதானே? அவர்கள் பயப்படலாம், அவர்களுக்குத் தெரியாது. நீ படித்தவன். ஒட்டாது என்று தெரியும். அவருக்கு வந்ததாலேயே உனக்கு வந்துவிடும் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை என்றும் தெரியும். அப்படியிருந்தும் வெட்கப்பட்டிருக்கிறாய். வெட்கப்படும்படி உன் அப்பா என்ன செய்தார்? உடம்பெல்லாம் தோல் உரிந்து எரியும்போதும் பழியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துப் போடவில்லை. நீ ஒரு கொப்புளமும் இல்லாமல், ஏசி ரூமில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாய். பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று போடப் போகிறீர்களாம். ஊர் தெய்வத்தைச் சொல்லித்தானடா அவரை அடித்தது. வெறும் பெயர் போதும்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்குப் பெற்றவள் ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு உடம்பில் ஏதாவது வரும், உனக்கும் வரும், வராத உடம்பு இல்லை. அன்றைக்கு அவள் தன் புண்ணை உன்னிடம் காட்டலாமா, மறைக்க வேண்டுமா என்பது இன்றைக்கு நீ எதைச் சொல்கிறாய் என்பதில் இருக்கிறது. மறைத்து மறைத்து வேப்பிலையில் படுக்க வைத்துத்தான் உன் அப்பாவுக்கு இருந்த கொஞ்ச நாளையும் வீணாக்கினோம். வாயில் புண் வந்த அன்றைக்கே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று தெரியாது. வலியாவது குறைந்திருக்கும்.

இதை எழுத உட்காரும் முன் உன் மாமியாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்க மாமியாருக்கு மார்ல புத்துங்க. அல்சருன்னு சொல்லி வச்சோம். எம் பொண்ணுக்கே தெரியாது" என்று விசும்பினார். கொஞ்சம் தேறியதும், "பரவால்லங்க சம்பந்தி, இதுக்காக நாங்க பின்வாங்க மாட்டோம். பொண்ணுகிட்ட நானே பக்குவமா சொல்லிடுறேன்" என்றார். வேண்டாம் என்றேன். "எம் மவன் வந்து அவன் வாயால சொல்லட்டுங்க. தாலி கட்டுறதுக்கு முன்னாடி அவன் சொல்லலன்னா, அவனுக்குப் பொண்ணு குடுக்காதீங்க. பெத்தவ நான் சொல்றேன்" என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா